தலையில் கோடில்லாத சொல்

பிரேயஸ் துறைமுகம், மூன்றாம் மாடி.
கப்பல் ஓடாத நாட்களில்தான் ஸ்தமாதியாவுக்கு வேலை.
காற்று எல்லை மீறியதும்
ஒன்பதாயிரம் போன்களுக்கு ஒரே செய்தி:
இன்றிரவு கப்பல் இல்லை. சீட்டு நாளையும் செல்லும்.

சேர்ந்த அன்றே கணக்கைச் சொல்லிவிட்டார்கள்.
ஒரு குறுஞ்செய்தி என்பது
ஆயிரத்து நூற்றிருபது இருக்கை உள்ள படகு.
ஒல்லி எழுத்துக்கு ஏழு இருக்கை போதும்.
நூற்றறுபது பேர் ஏறலாம், இடிபடாமல்.
யார் யார் ஒல்லி என்ற பட்டியலை
எங்கோ யாரோ எப்போதோ எழுதி முடித்துவிட்டார்கள்;
கிரேக்கத்துக்கு அதில் பத்தே பத்துப் பெரிய எழுத்து.
மிச்சப் பெரியவை
ரோமன் எழுத்துகளின் சட்டையை இரவல் வாங்கி
முகம் மாறாமல் ஏறிக்கொள்ளும்.

சின்ன எழுத்தோ,
தலையில் அழுத்தக்கோடு வைத்த எழுத்தோ
ஒன்று,
ஒன்றே ஒன்று உள்ளே வந்துவிட்டால்
அதற்குப் பதினாறு இருக்கை.
அதற்கு மட்டுமா?
கூட வந்த அத்தனை ஒல்லிகளுக்கும் பதினாறு.
எழுபதோடு கதவு மூடும்.
எழுபத்தொன்றாவது ஆள் நின்றால் இன்னொரு படகு, இன்னொரு கட்டணம்,
இரண்டையும் பிணைக்கும் கயிற்றுக்கு இடம் விட்டு
ஆளுக்கு அறுபத்தேழு.

அதனால் எல்லாம் பெரிய எழுத்து. கோடு கிடையாது.
நக்ஸோஸிலிருந்து ஒரு கிழவர் போன் போட்டுக் கேட்டார்:
"ஏனம்மா எப்போதும் கத்துகிறாய்?"
"கத்தினால் மலிவு, ஐயா."

தம்பி அர்கீரிஸ் எண்ணெய்க் கப்பலில் மெக்கானிக்.
அவனைக் கேட்காமல் அவள் படகை விற்றதிலிருந்து
நான்கு வருடம் பேச்சில்லை.
மார்ச்சில் ஒரு நாள், காற்றே இல்லாத இரவில்,
அவளே எழுதினாள்: தப்பு என்னுடையது. வீட்டுக்கு வா.
பதில் மறுநாள் வந்தது.
நான்கு பெரிய எழுத்து.
பொதே.

முதலசையில் கோடு நின்றால்: எப்போது.
கடைசியில் நின்றால்: ஒருபோதும் இல்லை.
தமிழில் சொல்லிப் பார்க்கிறேன்,
இரண்டின் வயிற்றிலும் அதே போது.
ஆனால் நாம் வாலைப் பார்த்துத் தெரிந்துகொள்வோம்.
அவளுக்கு அந்தக் கோடுதான் வால், அது இல்லை.
கேள்விக்குறியும் இல்லை. அவன் பள்ளியிலேயே போட்டதில்லை.

ஒருபோதும் என்றே படித்தாள்.
பத்தொன்பது நாள் அப்படியே படித்தாள்,
பேருந்தில், பல் மருத்துவரிடம், வெங்காயம் நறுக்கும்போது.

இருபதாம் நாள் புயல்.
எப்போது புறப்படும் என்பதைப் பிறகு அறிவிப்போம்
என்று சின்ன எழுத்தில், கோடெல்லாம் வைத்து அடித்தாள்.
வழக்கம்போல் கணினி அதைச் சவரம் செய்து
வலப்பக்கக் கட்டத்தில் காட்டியது:
நடுவில், மொட்டைத் தலையோடு,
பொதே.

அவன் போன் பழசு.
எழுத்தைச் சிக்கனம் செய் என்று ஒரு அமைப்பு உண்டு அதில்.
வாங்கிக் கொடுத்தபோது அதை வைத்துக் கொடுத்தவள்
இவள்தான்.

ஒன்பதாயிரம் பேர் ஐந்து நிமிடம் காத்திருந்தார்கள்.
தன் போனை எடுத்தாள். முழு எழுத்து என்று மாற்றினாள்.
சின்னதாக, மெதுவாக, ஒவ்வொரு தலையிலும் கோடு வைத்து,
ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை என்றாள்,
சாவி எதிர்வீட்டு கலியோப்பியிடம் என்றாள்,
எழுபத்தாறு.
கைப்பழக்கம், வெட்டத் தொடங்கினாள்:
முதலில் அவன் பெயர்.
எழுபதுக்குள் வந்துவிட்டது, அழகாக.
பார்த்துக்கொண்டே இருந்தாள்.
பிறகு பெயரைத் திருப்பி வைத்தாள்,
இரண்டு படகு என்று போன் எச்சரித்ததும்
ஆமாம் என்று அழுத்தினாள்.

வெளியே கயிறுகள் முனகுகின்றன.
ஒன்று சேர்ந்துவிட்டதாம், தகவல் வந்தது.
மற்றது இன்னும் எங்கேயோ.
அதுவும் வந்து பிணையும்வரை
அவன் திரையில் எதுவும் தெரியாது.